அடைத்த ஜன்னலின் வெயில்

வெயில் என்பது எப்போதாவது வந்து தலைகாட்டிவிட்டுப் போகிற விருந்தாளியாக இருக்கும் இங்கிலாந்து நாட்டுப்புறத்தில், ஹார்க்கம் என்ற சின்ன ஊரில், கார்த்திகை மாதத்து மழைக்காலை ஒன்றில், யோகாம்பிகையின் கடைக்குள் வெயில் வந்தது. கதவு வழியாக வரவில்லை, கண்ணாடி வழியாகவும் வரவில்லை. இருநூறு வருஷத்துக்கு மேலாகக் கல் வைத்து அடைத்துக் கிடந்த நாலாவது ஜன்னல் வழியாக வந்து, பாண் ரொட்டி அடுக்கும் தட்டுக்கும் தபால் கவுண்டருக்கும் நடுவே பாய் விரித்தாற்போலத் தரையில் விழுந்தது. யோகாம்பிகை அப்போது பால் போத்தல்களைக் குளிர்ப்பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை அதில் வைத்துப் பார்த்தாள். சுட்டது. சரி, பாணைக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் காய்ந்துபோகும் என்று நினைத்து, தட்டை இழுத்து மறுபக்கம் விட்டுவிட்டு மீண்டும் பால் அடுக்கப் போனாள்.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்லாமல் மேலே போனால் கதை நிற்காது. ஊருக்குப் பின்னால் இருக்கிற குன்றை வெட்டி எடுத்த, தேன் நிறக் கல்லால் கட்டிய வீடு அது. சுவர் ஒரு முழத்துக்கும் மேலான தடிப்பு. அதனால் கோடை அதற்குள் பிந்தித்தான் நுழையும், மாரியும் பிந்தித்தான் வெளியேறும். கூரையும் கல்தான். கீழே, மழைத்தண்ணீர் சொட்டுகிற ஓரத்தில், இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டிய கல் ஓடுகள். மேலே போகப் போக ஓடுகள் சிறுத்துச் சிறுத்து, முகட்டுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு வந்துவிடும். அதனால் தெருவில் நின்று பார்க்கிறவனுக்குக் கூரை இருப்பதைவிட உயரமாகத் தெரியும், அந்தக் காலத்துப் பெரிய மனிதர்களுக்கு இப்படிப்பட்ட ஆசைகள் உண்டு. ஆட்டு மயிர் விற்றுச் சம்பாதித்த ஒருவன் கட்டிய வீடு. தன் பெயரின் முதலெழுத்தையும் மனைவி பெயரின் முதலெழுத்தையும் வாசலுக்கு மேலே கல்லில் செதுக்கி, நடுவில் ஒரு இதயத்தையும் வைத்திருந்தான். கீழ்த்தளத்தில் நாலு ஜன்னல்கள், ஒவ்வொன்றையும் கல்லில் கடைந்த நடுத்தூண்கள் மூன்றாகப் பிரிக்கும். ஆள் நின்று சமைக்கக்கூடிய கணப்பு ஒன்றும் உள்ளே இருந்தது; அதற்குள்தான் இப்போது ஐஸ்கிரீம் பெட்டி நிற்கிறது.

பிறகு காசில்லாத ராஜா ஒருவர் வீட்டு ஜன்னல்களுக்கெல்லாம் வரி போட்டார். ஆட்டு மயிர்க்காரனின் வாரிசு ஒருவன், எச்சில் கையால் காக்கை துரத்தாதவன், தேவாலயக் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்த நாலாவது ஜன்னலைக் கல் வைத்து அடைத்துவிட்டான். ராஜா போனார், வரியும் போனது, கல்லை எடுக்க வேண்டும் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதற்கும் பிறகு பழசின் மேல் ஆசை கொண்ட அரசாங்கம் ஒன்று வந்து, இந்த வீடு பாதுகாக்கப்பட்ட வீடு, இனி இதில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் எங்களைக் கேட்க வேண்டும் என்றது. ஜன்னல் எவ்வளவு புனிதமோ, ஜன்னலை அடைத்த கல்லும் அவ்வளவு புனிதம் என்று ஆகிவிட்டது.

யாழ்ப்பாணத்தில் சீமெந்து வீட்டைத்தான் கல்வீடு என்பார்கள். யோகாம்பிகையின் அப்பா அவளுக்குச் சீதனமாகக் கல்வீடு தருவதாகச் சொல்லி, அத்திவாரத்தோடு நிறுத்தினவர். அவள் கணவன் திருக்குமரன் அதற்காக ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. "வீடு கிடக்கட்டும், மோர்மிளகாயை நீர் போடுற மாதிரி ஒருத்தரும் போடமாட்டினம்" என்று சொல்லிவிட்டு, மிளகாயின் காம்பைக் கிள்ளித் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்துச் சாப்பிடுவான். யுத்தம் முற்றிய வருஷம் ஆட்களைக் களவாக வெளிநாடு கொண்டுபோகிற ஒரு ஏஜென்சிக்காரனோடு அவளை முதலில் அனுப்பினான், அவன் வேறு பாதையால் பின்னால் வருவதாகப் பேச்சு. மொஸ்கோவிலிருந்து ஒருதரம் போன் எடுத்தான். கால் விறைக்குது, நாளைக்கு எங்களைக் கொண்டுபோயிடுவாங்கள், மிளகாய் போட்டு வையும் என்றான். அவ்வளவுதான். கூடப் போனவர்களில் சிலர் ஜெர்மனியில் வந்து சேர்ந்தார்கள். எல்லையில் ஆட்களை இரண்டு வான் வண்டிகளில் ஏற்றினார்கள், குமரன் மற்ற வானில் இருந்தவர் என்றார்கள். மற்ற வானைப் பற்றிச் சொல்ல ஒருவரும் வரவில்லை.

செத்த செய்தி வந்தால் அழுது முடிக்கலாம், வேறு செய்தி வந்தால் ஏசி முடிக்கலாம். ஒரு செய்தியும் வராவிட்டால் என்ன செய்வது? யோகாம்பிகை நெற்றியில் பொட்டோடும் கழுத்தில் தாலியோடும் பெற்றோல் நிலையங்களில் வேலை செய்தாள், ஒருவரும் எடுத்து நடத்த விரும்பாத ஹார்க்கம் கடையைத் துணிந்து எடுத்தாள், மேலே இரண்டு அறைகளில் குடியிருந்தாள். அசல் கல்வீடு கடைசியில் கிடைத்தேவிட்டது. அதைக் காட்ட வேண்டிய ஆளைத்தான் காணவில்லை. அவளுக்கு ஏக்கம் என்பது காலையில் எழுந்து பல் தீட்டுவது மாதிரி ஆகிப்போயிருந்தது, ஒரு நாளும் விட்டுப்போனதில்லை.

வெயில் வந்த அன்று முதலில் கடைக்குள் நுழைந்தது மார்ஜரி. தேவாலயத்துக்குப் பூ வைக்கிறவள், புருஷனை இழந்தவள், ஊரில் யாருக்கு என்ன வருத்தம் என்பதை அவரவருக்கு முன்பே அறிந்தவள். குடையை மடக்கி உதறிவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

"இது புதிதா?"

"இன்றைக்குத்தான் வந்தது."

"நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு, ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, முழங்கால்கள் இரண்டையும் வெயிலுக்குள் நீட்டினாள்.

அந்த வாரமே ஊர் முழுதும் உட்கார மடக்குக் கதிரைகளோடு வந்துவிட்டது. வரிசையில் நிற்பதில் அந்த நாட்டு ஆட்களை வெல்ல யாராலும் முடியாது. ஒருவர் தன் பங்குக்கு மேலே கொஞ்சம் கூடுதலாக வெயிலில் இருந்துவிட்டால், பின்னால் நிற்பவர் தொண்டையைச் செருமுவார், அவரும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழும்பிவிடுவார். மதுச்சாலைப் பூனை மட்டும் வரிசைக்குக் கட்டுப்படாமல் நடுவில் படுத்தது. காமாலையில் மஞ்சள் பூத்த குழந்தையைத் தாய் கொண்டுவந்து கிடத்தினாள். தக்காளி நாற்றுகள் வந்தன, கூரை ஒழுக்கில் நனைந்த பாட்டுப் புத்தகங்கள் தேவாலயத்திலிருந்து வந்தன, விவாகரத்துக்குப் போக இருந்த ஒரு தம்பதி வந்து பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் வீட்டுக்குப் போய், பிறகு வழக்கறிஞரிடம் போகாமலே இருந்துவிட்டார்கள். பாதிரியார் பிரசங்கத்தில் ஒரு வரி சொன்னார், அதையும் காலநிலையைப் பற்றிச் சொல்கிற குரலில்தான் சொன்னார். பழைய கட்டடங்களைப் பார்க்கிற அதிகாரி ஹக் என்பவர் வந்து, சுவரில் காதை வைத்தார், தட்டினார், வெளியே போய் மழையில் நனைந்துகொண்டு அடைத்த கல்லைத் தடவினார். அங்கே யூ மரமும் கல்லறைகளும்தான் இருந்தன. "வெளிச்சம் கட்டடத்தின் பகுதி அல்ல, ஆகவே கட்டடம் மாற்றப்படவில்லை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, அவரும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து சப்பாத்தைக் காயவைத்துக்கொண்டு போனார்.

ஊர் விடியுமுன்னே அந்த வெயில் விடிந்துவிடும், ஊர் மத்தியானச் சாப்பாடு முடிக்குமுன்னே மங்கிவிடும். ஆகவே கிழக்கே எங்கிருந்தோ வருகிற வெயில். யோகாம்பிகை யாழ்ப்பாணத்துக் கோப்பாயிலிருக்கும் தன் மச்சாளுக்கு, திருக்குமரனின் அக்கா தவராணிக்கு, போன் எடுத்தாள்.

"மச்சாள், அங்க இப்ப நல்ல வெயிலே?"

"என்ன விசர்க் கதை கதைக்கிறீர்? ஒரு கிழமையா அடிச்சு ஊத்துது. முற்றமெல்லாம் வெள்ளம். ஏன் கேக்கிறீர்?"

அப்படியென்றால் அது ஊர் வெயில் இல்லை. வேறு ஏதோ ஊரின் வெயில், வேறு யாருடையதோ ஜன்னல். தரையில் விழுந்த வெளிச்சத்துக்குள் குறுக்குக் கம்பிகளின் நிழல் இருந்தது, கல்தூண்களின் நிழல் இல்லை.

சொந்த வெயிலோ இரவல் வெயிலோ, வெயிலைச் சும்மா விடுகிற பழக்கம் யோகாம்பிகைக்கு இல்லை. லண்டன் தமிழ்க் கடையிலிருந்து காய்ந்த வேப்பம்பூவை எடுப்பித்து, உழுந்தும் வெங்காயமும் சேர்த்து வடகம் உருட்டினாள். பச்சை மிளகாயைக் கீறி, ஓமமும் உப்பும் போட்ட மோரில் ஊறவைத்து எடுத்தாள். இரண்டையும் தட்டுகளில் பரப்பி வெயிலில் வைத்தாள். வரிசையில் நின்றவர்கள் அவற்றுக்கும் ஒரு இடம் விட்டு உட்கார்ந்தார்கள்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, ஒரு காகத்தின் நிழல் வந்தது. தரையில் தத்தித் தத்தி நடந்தது, தலையைச் சரித்துப் பார்த்தது, ஒரு வடகத்தைக் கொத்திக்கொண்டு போய்விட்டது.

"உங்கள் உருண்டையில் ஒன்றை நிழல் எடுத்துப் போகிறது" என்றாள் மார்ஜரி, பின்னிக்கொண்டிருந்த கம்பளியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

யோகாம்பிகை வடகங்களை எண்ணிப் பார்த்தாள், ஒன்று குறைந்திருந்தது. செத்தவர்களுக்குப் படைத்த சோற்றைக் காகம் வந்து எடுத்தால், அவர்கள் வந்து எடுத்தார்கள் என்றல்லவா அர்த்தம். கல்லை ஊடுருவி வந்து ஒரு காகம் அவள் கையால் உருட்டியதை எடுத்திருக்கிறது. அன்றே அவள் தவராணிக்குப் போன் எடுத்துச் சொன்னாள்.

"யோகம், நீர் மனசைத் தேற்றும். இவ்வளவு வருசமா ஒரு சொல்லும் சொல்லாதவன் இப்ப வந்து வாங்கியிருக்கிறான். வாற ஆடி அமாவாசைக்கு என்ர பெடியனைக் கொண்டு கீரிமலையில செய்யவேண்டியதைச் செய்விக்கிறன்."

"காகம் களவும் எடுக்கும் தானே மச்சாள்."

"எடுக்கும். எண்டாலும் நீரும் எவ்வளவு காலத்துக்கு இப்பிடிக் காத்திருக்கப்போறீர்?"

யோகாம்பிகை போனை வைத்துவிட்டு, வடகத் தட்டை எடுத்து உள்ளே வைத்தாள். மோர்மிளகாய்த் தட்டை மட்டும் வெயிலில் விட்டாள். காகம் மோர்மிளகாய் தின்னாது. தின்கிற ஒரே ஆள் யாரென்று அவளுக்குத் தெரியும். நாளும் பொழுதும் அந்தத் தட்டுக்குப் பக்கத்திலேயே கிடந்தாள், தபால் முத்திரை கேட்டு வந்தவர்கள் தாங்களே எடுத்துத் தாங்களே ஒட்டிக்கொண்டு போனார்கள்.

மார்கழியில் ஒரு காலை, கம்பிகளின் நிழலுக்குள் ஓர் ஆளின் நிழல் வந்து நின்றது. குனிந்தது. இடது கை நீண்டது. சின்ன வயதில் கரப்பந்து விளையாடி முறிந்து, வைத்தியர் சரியாகக் கட்டாததால் வெளியே வளைந்து நிற்கும் சுண்டுவிரல். அந்தக் கை ஒரு மிளகாயை எடுத்தது. காம்பு கிள்ளப்பட்டுத் தட்டின் ஓரத்தில் விழுந்தது. நிழல் காம்பு இல்லை, நிஜக் காம்பு. பிறகு அந்தக் கை தட்டுக்கு மேலே அப்படியே அந்தரத்தில் நின்றது, நெடுநேரம் நின்றது. ஓமம் போட்டு மோர்மிளகாய் செய்கிற பெண் உலகத்தில் ஒருத்திதான் என்று அந்த நாக்குக்குத் தெரியாதா?

யோகாம்பிகை தரையில் குந்தியிருந்து அழுதாள். மார்ஜரி தேநீர் போட்டுக் கொண்டுவந்தாள்.

"யார் அது?"

"என் கணவர்."

"ஓ, நல்லது. உயரமானவர்போல."

"காலைநேரத்து நிழல். ஆள் என்னளவுதான்."

அதன் பிறகு அவன் நாள் தவறாமல் வந்தான். அவள் தன் போன் நம்பரைக் கொட்டை எழுத்தில் அட்டையில் எழுதி வைத்துப் பார்த்தாள். நிழல் அதன் மேல் விழுந்தது, அட்டை போகவில்லை. படம் போகவில்லை, மோதிரம் போகவில்லை. தின்கிற பொருள் மட்டுமே அந்த வழியால் போகும் என்று தெரிந்தது. மார்ஜரி யோசித்து, நம்பரைச் சீனிப்பாகால் பிஸ்கட்டில் எழுதிக் கொண்டுவந்தாள். அதைக் காகம் எடுத்துக்கொண்டு போய்விட்டது, திரும்பத் திரும்ப எழுதிவைத்தாலும் காகமே முந்திக்கொண்டது.

ஆகவே சுவரைத் திறக்க வேண்டும். கல்லுக்குள்ளால் வெயில் வருகிறதென்றால், கல்லை எடுத்தால் பார்வை அந்தப் பக்கம் போகாதா? யோகாம்பிகை ஹக்கைக் கூப்பிட்டுக் கேட்டாள். அவர் தலையை ஆட்டினார், அடைப்பும் வரலாறுதான் என்றார். கல்லைத் தொட்டால் வெயிலே போய்விடலாம், வெளியே இருக்கிற யூ மரம் மட்டும்தான் மிஞ்சும் என்பது கடைக்குள் நின்ற அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. முழங்கால் வலிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தக்காளிக்காரர் தன் நாற்றுகளைப் பார்த்தார்.

மார்ஜரிதான் பேசினாள். "ஹக், அந்த வரியை எடுத்து எத்தனை தலைமுறையாகிறது? இந்தப் பெண் ஒருத்தி மட்டும் இன்னும் கட்டிக்கொண்டே இருக்கிறாள்."

"ஊருக்கு வெயில் போய்விடுமே, மார்ஜரி."

"அதில்லாமல்தான் இவ்வளவு காலமும் இருந்தோம். எங்களுக்குப் பழக்கம்."

மற்றவர்களும் ஆளுக்கு ஒரு சொல் சொல்லத் தொடங்கினார்கள். ஹக் குளிர்காலம் முழுதும் மேலிடத்தோடு மல்லுக்கட்டி, கடைசியில் ஒரே ஒரு கல்லை, கண்மட்டத்தில் இருக்கிற கல்லை மட்டும் எடுக்க அனுமதி வாங்கிவந்தார். எடுத்த கல்லைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

பங்குனியில், வெளியே மரங்கள் துளிர்க்கிற காலத்தில், மேசன் உளியோடும் சுத்தியலோடும் வந்தான். ஊர் கடைசி வெயில் காய வந்திருந்தது. பூனையைக்கூட யாரும் தள்ளவில்லை. யோகாம்பிகை கூறைச் சேலையை உடுத்து, அதற்கு மேல் கம்பளிச் சட்டை போட்டு, வழக்கம்போல மோர்மிளகாய்த் தட்டை வெயிலில் வைத்தாள். மேசன் ஏணியில் ஏறாமலே எட்டக்கூடிய கல் அது. சுண்ணாம்புச் சாந்தில் உளியை வைத்தான்.

அப்போது வெளிச்சத்துக்குக் குறுக்கே ஒரு கயிற்றின் நிழல் வந்தது. இத்தனை நாளும் இல்லாத கயிறு. பனி போய், அந்த ஊரிலும் வெளியே உடுப்புக் காயப்போடுகிற காலம் வந்திருக்க வேண்டும். முதலில் ஒரு ஆணின் சேர்ட்டின் நிழல் தொங்கியது. அதற்குப் பக்கத்தில் இரண்டு மெல்லிய கைகள் உயர்ந்து, ஒரு பாவாடையைக் கயிற்றில் கொழுவின. பிறகு அதே கைகள் குனிந்து குனிந்து எடுத்து, ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டன: ஒரு சின்னச் சட்டை, ஒரு சின்னக் காற்சட்டை, யோகாம்பிகையின் உள்ளங்கைக்குள் அடங்கிவிடக்கூடிய இரண்டு காலுறைகள்.

மேசன் முதல் அடி அடித்தான். சாந்து கொஞ்சம் உதிர்ந்தது. வெயில் ஒருதரம் சிமிட்டியது.

யோகாம்பிகை தன் நெற்றிப் பொட்டைத் தொட்டுப் பார்த்தாள். எத்தனை நல்ல நாள், எத்தனை கெட்ட நாள், ஒவ்வொன்றிலும் இந்தப் பொட்டை வைத்துக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். மொஸ்கோவில் கால் விறைக்குது என்று சொன்ன குரலை ஒரு நாளும் விடாமல் கேட்டேன். செத்தவன் காகமாக வந்து எடுத்தான் என்பதே நிஜமாக இருந்திருக்கக் கூடாதா என்று ஒரு கணம் நினைத்தாள், ஆசைப்பட்டே நினைத்தாள். நினைத்துவிட்டு, அந்த நினைப்பைப் பார்த்து வெட்கப்பட்டாள். கல்லை உடைக்கட்டும், இந்தக் கண்ணால் அவனை ஒருதரம் பார்க்கிறேன், அவனும் என்னைப் பார்க்கட்டும், பார்த்துவிட்டு என்ன சொல்கிறான் என்று கேட்கிறேன். அவள் மேசனைத் தடுக்கவில்லை.

அவன் வந்தான். வளைந்த சுண்டுவிரல் கம்பியைப் பிடித்தது. அவன் இடுப்பில் வேறொரு நிழல் ஏறி இருந்தது, தலை பெரிது, கழுத்தே இல்லை, கால்கள் இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன. அவன் தன் மிளகாயை எடுத்தான், காம்பைக் கிள்ளி வைத்தான். அவன் தின்பதைப் பார்த்து, இடுப்பில் இருந்த நிழலும் கையை நீட்டியது. ஐந்து குட்டி விரல்கள், விரிந்தபடி, தட்டிலிருந்த மிளகாய் ஒன்றின் மேல் வந்தன.

யோகாம்பிகை தட்டைச் சட்டென்று இழுத்தாள்.

"பிள்ளைக்கு உறைக்கும்" என்றாள்.

தமிழில்தான் சொன்னாள், யாரிடம் சொன்னாள் என்று யாருக்கும் தெரியவில்லை. மேசன் உளியை எடுத்து, என்ன என்று கேட்டான். அவள் அவன் பக்கம் திரும்பாமலே, போதும், கல் அப்படியே இருக்கட்டும், தயவுசெய்து உளியைக் கீழே வையுங்கள் என்று இங்கிலீஷில் சொன்னாள். ஹக் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், மார்ஜரி அவர் கையைப் பிடித்து அழுத்தினாள்.

குட்டிக் கை வெறுந்தரையில், எதையும் பிடிக்காமல், விரிந்தபடியே காத்திருந்தது. யோகாம்பிகை எழும்பி, பாண் தட்டிலிருந்து இனிப்புப் பணிஸ் பன் ஒன்றை எடுத்தாள். தொண்டையில் சிக்கும் என்று திராட்சை வற்றல்களை ஒவ்வொன்றாக நோண்டி எடுத்தாள். மேலோடு தடிப்பாக இருந்தது, அதையும் உரித்தாள். உள்ளே இருந்த மெத்தென்ற பகுதியைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிய்த்து, மிளகாய் படாத ஒரு புதுத் தட்டில் வைத்து, வெயிலுக்குள் தள்ளினாள். விரல்கள் மூடின. ஒரு துண்டு போனது. இன்னொன்று போனது.

"அது யார், யோகா?" என்று மார்ஜரி மெல்லக் கேட்டாள்.

"என் கணவரின் பிள்ளை" என்றாள் யோகாம்பிகை. சொல்லி முடித்ததும் அவளுக்குக் கண் நிறைந்தது, இருந்தும் கை பணிஸைப் பிய்த்துக்கொண்டே இருந்தது.

மேசன் உதிர்ந்த சாந்தைக் கூட்டி அள்ளி, அந்த இடத்தைப் பூசினான். தக்காளிக்காரர் நாற்றுகளை மீண்டும் வெயிலுக்குள் நகர்த்தினார். வரிசையில் அடுத்தவர் யாரென்று யாரோ கேட்டார்கள்.

மறுநாளிலிருந்து யோகாம்பிகை இரண்டு தட்டு வைத்தாள். ஒன்றில் மோர்மிளகாய், ஒன்றில் பிய்த்த பணிஸ். உடுப்புக் காயப்போடுகிற அந்த மெல்லிய கைகள் தினமும் உயர்ந்து தாழ்ந்து போயின. அவற்றுக்கு அவள் ஒன்றும் வைக்கவில்லை. அந்த மாதம் வைக்கவில்லை.